வளையத் துண்டுகளை நறுக்க எந்த ரம்பம்?

கேள்வி இதுதான்: "ஒரே கட்டையில் கிண்ணம் கடைந்து பழகிவிட்டேன். அடுத்ததாக, சிறு மரத்துண்டுகளை வளையமாக ஒட்டி, அந்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைய ஆசை. பட்டறையில் 14 அங்குல பேண்ட் சா இருக்கிறது. துண்டுகளை நறுக்க மைட்டர் சா வாங்குவதா, டேபிள் சா வாங்குவதா, இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாமா?"

பெயர்கள் புதிதாக இருப்பவர்களுக்கு: பேண்ட் சாவில் பிளேடு நாடாபோல் சுற்றி ஓடும்; மைட்டர் சாவில் வட்டப் பிளேடு மேலிருந்து மரத்தின்மேல் இறங்கும்; டேபிள் சாவில் வட்டப் பிளேடு மேசைக்குள்ளிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் டேபிள் சா வாங்குங்கள். அதோடு இரண்டு தடுப்புகள் கொண்ட ஒரு ஸ்லெட்டை, அதாவது மரத்தைத் தாங்கி மேசைமேல் நகரும் சறுக்குப்பலகையை, நீங்களே செய்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று கிண்ணம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றால் எதுவும் வாங்க வேண்டாம். பேண்ட் சாவும் ஒரு வட்டத் தேய்ப்பானும் (உப்புத்தாள் ஒட்டிய வட்டு சுழலும் கருவி) போதும். மைட்டர் சா எனக்கு மூன்றாவது இடம்தான். நானே அதில் தொடங்கி, அதிலேயே ஓராண்டு மல்லுக்கட்டியவன் என்பதால் சற்றுக் கோபத்தோடு சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரம்பத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு சின்னக் கணக்கு. வளையத்தில் எத்தனை துண்டுகளோ, அந்த எண்ணால் 180ஐ வகுத்தால் ஒவ்வொரு வெட்டின் சாய்வும் கிடைக்கும். 8 துண்டு என்றால் 22.5 பாகை, 12 என்றால் 15, 16 என்றால் 11.25, 24 என்றால் 7.5. இது எல்லோருக்கும் தெரியும். பிழை எப்படிப் பெருகுகிறது என்பதைத்தான் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு துண்டுக்கு இரண்டு வெட்டுமுகம். 24 துண்டுக்கு 48 முகம். ஒவ்வொரு முகத்திலும் பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும், மொத்தம் 4.8 பாகை சேர்ந்துவிடும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் அது வெளிவிளிம்பில் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி. இத்தனைக்கும் பத்தில் ஒரு பாகை என்பது சாதாரணக் கோணமானியில் கண்ணுக்கே தெரியாத அளவு.

இடைவெளியைக் கிளாம்ப் போட்டு இறுக்கி மூடிவிடலாம் என்று தோன்றும். மூடும். ஆனால் இணைப்புகள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வாயைத் திறந்துகொள்ளும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டுகளில், மேலே சொன்ன பிசகுக்கு, ஒவ்வோர் இணைப்பிலும் 0.07 மில்லிமீட்டர் விரியும். தாளின் கனத்தைவிடக் குறைவுதான். மெருகு போட்டபின் பாருங்கள், மேப்பிள் போன்ற வெளிர்மரத்தில் கறுப்பு நூல் ஒட்டியதுபோல் அது தெரியும்.

ஆகவே ரம்பத்திடம் நாம் கேட்பது மூன்று. கோணம் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்க வேண்டும். நீளம் மாறாமல் இருக்க வேண்டும். வெட்டிய முகத்தை அப்படியே பசை போட்டு ஒட்டும்படி வழவழப்பாக விட வேண்டும். குதிரைத்திறன், வெட்டும் ஆழம் போன்றவையெல்லாம் இந்த வேலைக்குப் பெரிதாகத் தேவையில்லை. நாம் நறுக்குவது இரண்டு விரல் அகல ரீப்பர், அதாவது நீளமான மெல்லிய மரச்சட்டம்.

மைட்டர் சாவைப் பற்றி. பார்வைக்கு இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். மேசையைச் சுழற்றினால் 15, 22.5 ஆகிய இடங்களில் 'டக்' என்று பள்ளத்தில் போய் உட்காரும். 12 துண்டு வளையமும் 8 துண்டு வளையமும் கையில் கிடைத்துவிட்டன என்று மனம் துள்ளும். நானும் அப்படித்தான் துள்ளினேன். முதல் வளையம் 12 துண்டு. பதினொன்று வரை சேர்த்து வைத்தபோது கச்சிதம். பன்னிரண்டாவதை வைத்தால் அதற்குப் பக்கத்தில் இரண்டு தீக்குச்சிகளை அடுக்கிச் செருகும் அளவுக்குச் சந்து. மேசையின் பள்ளத்தில் பழுதில்லை. கைப்பிடியை அழுத்தும்போது என் மணிக்கட்டு சற்று இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. ரம்பத்தின் தலையும் அதோடு சாய்ந்திருக்கிறது. தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் வகையில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். மைட்டர் சாதான் வாங்குவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், நகராத, வெறுமனே மேலும் கீழும் இறங்கும் எளிய வகையையே வாங்குங்கள். அகலமாக வெட்ட அது உதவாது. இங்கே அகலம் தேவையும் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், வெட்டிய துண்டு எங்கே போகிறது என்பது. 25 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டைத் தடுப்பு முழுமையாகத் தாங்காது. பிளேடுக்குப் பின்னால் தடுப்பில் பெரிய இடைவெளி இருக்கும். வெட்டு முடிந்ததும் பிளேடைச் சுழலும்போதே மேலே தூக்கினால், பின்பக்கப் பற்கள் துண்டைக் கவ்வி எறியும். எறிந்தது எங்கே போய் விழுந்தது என்று தேடிக்கொண்டிருந்த நாள்கள் உண்டு. ஒரு துண்டு எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி என் காலடிக்கே வந்தது. மைட்டர் சாவில் நறுக்குவதென்றால், பழைய பலகை ஒன்றை அடியிலும் பின்னாலும் பொருத்தி, அதையே ஒருமுறை அறுத்து, பிளேடின் அகலத்துக்கு மட்டும் பிளவு இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். பொத்தானை விட்டு, பிளேடு முழுக்க நின்றபின்பே தலையை உயர்த்துங்கள். ரீப்பரின் நீளம் ஒரு சாணுக்குக் கீழே வந்துவிட்டால் மிச்சத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள். அந்தக் கடைசி மூன்று துண்டுகளுக்கு ஆசைப்பட்டுத்தான் விரல்கள் போகின்றன.

இனி டேபிள் சா. இதில் பிளேடு அசையாது, மரம்தான் நகர்கிறது. துல்லியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மேசையின் பள்ளத்தில் ஆட்டமில்லாமல் ஓடும் ஒரு ஸ்லெட், அதன்மேல் ரீப்பரைச் சாய்த்துப் பிடிக்கும் தடுப்பு. தடுப்பு ஒன்றே ஒன்று என்றால், ஒவ்வொரு வெட்டுக்கும் ரீப்பரைக் குப்புறப் புரட்ட வேண்டும். இரண்டு தடுப்புகள் என்றால் புரட்ட வேண்டாம்: முதல் வெட்டுக்கு ஒரு தடுப்பில் சாய்த்து, அடுத்த வெட்டுக்கு எதிர்த் தடுப்பில் சாய்த்து, மாறிமாறி நறுக்கிக்கொண்டே போகலாம். ஆப்பு வைத்துக் கோணம் அமைப்பதால் இந்த ஸ்லெட்டுக்கு 'வெட்ஜி ஸ்லெட்' என்று பெயர்.

இதன் அழகு கோணத்தை அமைக்கும் விதத்தில் இருக்கிறது. 12 துண்டு வளையத்துக்கு 30 பாகை ஆப்பு, 24க்கு 15 பாகை ஆப்பு. 360ஐத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆப்பின் கோணம். அந்த ஆப்பை இரண்டு தடுப்புகளுக்கும் இடையே வைத்து, இரண்டும் அதன் பக்கங்களில் முழுக்கப் படியும்படி நெருக்கித் திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. பிளேடுக்கும் தடுப்புக்கும் உள்ள கோணத்தை அளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் 7.4, மறுபக்கம் 7.6 என்று ஆனாலும் கூட்டினால் 15தான். வளையம் கச்சிதமாக மூடும். விளிம்பில் தோன்றும் மயிரிழை ஏற்றத்தாழ்வைக் கடைசல் உளி ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடும்.

புரட்டாமல் நறுக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. இதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. பிளேடு மேசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்காமல் துளி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரீப்பரைப் புரட்டிப் புரட்டி நறுக்கினால், துண்டின் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, மேலே அகலமாகவும் கீழே குறுகியும் போகும். வளையத்தின் மேல்பக்கம் எல்லா இணைப்புகளும் மூடியிருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் எல்லாம் பிளந்திருக்கும். புரட்டாமல் நறுக்கினால் இரண்டு முகங்களும் ஒரே திசையில் சாய்கின்றன. ஒன்றின் சாய்வு அடுத்ததன் சாய்வோடு பொருந்திப் பிழை மறைந்துபோகிறது. உங்கள் வளையம் ஒரு பக்கம் மட்டும் திறந்தால், ஸ்லெட்டை விட்டுவிட்டுப் பிளேடின் செங்குத்தைச் சோதியுங்கள்.

ஸ்லெட் எவ்வளவு சரியாக இருந்தாலும் ரீப்பரின் இரண்டு ஓரங்களும் இணையாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். முதல் வெட்டில் ஓர் ஓரம் தடுப்பில் படிகிறது, அடுத்த வெட்டில் மறு ஓரம். ரீப்பர் ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகியிருந்தால் அந்த வித்தியாசம் நேராகக் கோணத்தில் ஏறிவிடும். பலர் ரம்பத்தைத் திட்டும் இடத்தில் குற்றவாளி ரீப்பர்தான்.

நீளத்துக்கு நிறுத்துக்கட்டை. இதை எங்கே வைப்பது என்பதில் உயிர் இருக்கிறது. ஸ்லெட்டின்மேல், பிளேடுக்கு அப்பால் கட்டையை வைத்தால், நறுக்கிய துண்டு கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். சற்றே கோணினாலும் பிளேடு அதைக் கவ்வி உங்கள் மேல் எறியும். மேசையின்மேல், பிளேடுக்கு முன்னதாக, உங்கள் பக்கத்தில் கட்டையைப் பொருத்துங்கள். ரீப்பரை அதில் முட்ட வைத்து, கையால் தடுப்போடு அழுத்திப் பிடித்து, ஸ்லெட்டை முன்னே தள்ளும்போது ரீப்பர் கட்டையை விட்டு விலகிவிடும். வெட்டி முடிகையில் துண்டைச் சுற்றி எதுவும் இருக்காது. கட்டையின் அடிமூலையைச் சிறிது சீவி விடுங்கள், மரத்தூள் போய் ஒதுங்க இடம் வேண்டும். ஒரு சிட்டிகைத் தூள் கட்டையின் முகத்தில் ஒட்டியிருந்தால் அந்தத் துண்டு மற்றவற்றைவிடக் குட்டையாகிவிடும். கோணம் எல்லாம் சரியாக இருந்தும் வளையம் ஏன் கூடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

துண்டைக் கையால் பிடிக்கவே கூடாது. எனக்கு வாய்த்த சிறந்த கருவி, முனையில் ரப்பர் வைத்த பென்சில். ரப்பர் முனையால் துண்டின் தலையை மெல்ல அழுத்திக்கொண்டு ஸ்லெட்டைத் தள்ளுவேன். வெட்டி முடிந்ததும் அதே பென்சிலால் துண்டைப் பிளேடிலிருந்து பக்கவாட்டில் இழுத்து ஒதுக்குவேன். பிளேடு கடித்தால் பென்சில்தான் குட்டையாகும். என் ஸ்லெட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து குட்டைப் பென்சில்கள் கிடக்கும்.

கைபட்டால் பிளேடை நொடிக்குள் நிறுத்தும் சா ஸ்டாப் போன்ற இயந்திரத்துக்குப் பணம் இருந்தால் வாங்குவதில் தவறே இல்லை. உலோகத் தடுப்பு பிளேடைத் தொட்டாலும் அந்தப் பொறி வெடித்துவிடும் என்பதால் ஸ்லெட்டில் பிளேடுக்கு அருகே அலுமினியம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேடு. ரம்பத்துக்குச் செலவிடத் தயாராக இருப்பவர்கள் இங்கே கஞ்சத்தனம் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தோடு வரும் 24 பல் பிளேடு பலகையை நீளவாக்கில் கிழிக்க மட்டும் உகந்தது. வளையத் துண்டில் நார் துண்டின் நீளவாக்கில் ஓடுகிறது. நாம் வெட்டுவது நாருக்குக் குறுக்கே. 10 அங்குலப் பிளேடு என்றால் 60 முதல் 80 பல், இடமும் வலமும் மாறிமாறிச் சாய்த்துத் தீட்டிய பற்கள் வேண்டும். வெட்டிய முகத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வில் வில்லாகக் கோடுகள் தெரிந்தால் பிளேடு ஆடுகிறது, அல்லது ஒரு பல் பிதுங்கியிருக்கிறது. கருகல் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது ஸ்லெட்டை நத்தைபோல் தள்ளுகிறீர்கள். கருகிய முகத்தில் பசை பிடிக்காது. வெட்டுமுகம் ஏறக்குறைய முனைநார், அதாவது நார்களின் வாய் வெளியே தெரியும் முகம், என்பதால் பசையை அது எப்படியும் உறிஞ்சிக் குடிக்கும்; மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, சில நிமிடம் விட்டு, இரண்டாம் பூச்சோடு ஒட்டுவது நல்லது.

பிளேடின் கனமும் யோசிக்க வேண்டியது. முழுக்கனப் பிளேடு 3.2 மில்லிமீட்டர் தடம் போடும். மேலே சொன்ன 200 மில்லிமீட்டர், 24 துண்டு வளையத்துக்கு ஏறத்தாழ 645 மில்லிமீட்டர் ரீப்பர் தேவை. அதில் 77 மில்லிமீட்டர் தூளாகவே போகிறது, எட்டில் ஒரு பங்கு. வால்நட்டில் இது பரவாயில்லை. கருங்காலியில் நெஞ்சு அடைக்கும். 7¼ அங்குலப் பிளேடுகளில் 1.6 மில்லிமீட்டர் அளவு மெல்லியவை கிடைக்கின்றன. அவற்றை 10 அங்குல டேபிள் சாவில் பொருத்தலாம், அச்சுத் துளையின் அளவு ஒன்றாக இருந்தால். விரிகத்தியின் (பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு) கனம் பிளேடின் தடத்தைவிட அதிகமாக இருந்தால் மரம் அதில் முட்டி நிற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் அறுக்கும் மரம் 20 மில்லிமீட்டர் உயரம்தான் என்பதால் சின்னப் பிளேடு போதும். சிறிய விட்டம் என்பதால் அது அதிகம் வளையவும் வளையாது. 10 அங்குலத்தில் மெல்லிய பிளேடு வாங்கினால்தான் வளைவு தலைகாட்டும்.

உங்களிடம் இருக்கும் பேண்ட் சாவுக்கு வருகிறேன். அதற்கு ஒரு மரியாதை உண்டு. தடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். பிளேடு கீழ்நோக்கி ஓடுவதால் துண்டை மேசையோடு அழுத்துகிறது, எறிவதில்லை. சின்னஞ்சிறு துண்டுகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான மின்ரம்பம் எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால் வெட்டுமுகம் சொரசொரப்பு. பிளேடும் தன்னிஷ்டத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் இழுக்கும். எனவே பேண்ட் சாவில் அரை மில்லிமீட்டர் கூடுதலாக நறுக்கி, வட்டத் தேய்ப்பானில் கோணத் தடுப்பும் நிறுத்தமும் வைத்து இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வட்டு தட்டையாக இருக்க வேண்டும், உப்புத்தாள் 100 எண் அளவில் புதிதாக இருக்க வேண்டும், கை இலேசாக இருக்க வேண்டும். அழுத்தினால் விளிம்பு உருண்டுபோகும். 48 முகங்களையும் இப்படித் தேய்க்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். பொறுமைசாலிகளுக்கு இது பிடித்தும் போகலாம். எனக்கு இரண்டாவது வளையத்திலேயே சலித்துவிட்டது.

டேபிள் சா வாங்கினாலும் பேண்ட் சாவை விற்றுவிடாதீர்கள். கனமான பலகையை ரீப்பராகப் பிளக்க அதுதான் வேண்டும்.

கைரம்பத்தால் முடியுமா என்றும் சிலர் கேட்பார்கள். முடியும். இழுத்து அறுக்கும் ஜப்பானியக் கைரம்பத்தின் தடம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கோணப்பெட்டியில் வைத்து அறுத்து, சாய்வுத் தடுப்புள்ள பலகையில் இழைப்புளியால் முகத்தைச் சீவினால், எந்த இயந்திரமும் தராத கண்ணாடி முகம் கிடைக்கும். 12 துண்டு வளையம் ஒன்றிரண்டுக்கு இது அருமை. 20 வளையம் அடுக்கிய குடுவைக்கு வேண்டாம்.

துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஒட்டும் வகைக்கு இந்தக் கறார் எல்லாம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்க முகங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மேலும் கீழும்தான் பசை. அங்கே நீளம் சீராக இருந்தால் போதும். நேர்மாறாக, நெட்டுக்குத்தாகச் சட்டங்களை நிறுத்திப் பீப்பாய்போல் ஒட்டும் வேலைக்கு நீளவாக்கில் சாய்த்துக் கிழிக்க வேண்டும். மைட்டர் சாவால் அது ஆகாது. நாளை அதையும் செய்வீர்கள் என்றால் டேபிள் சாவுக்கு இன்னொரு காரணம் சேர்ந்தது.

ரம்பம் எதுவானாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். நல்ல மரத்தைத் தொடுவதற்கு முன் கழிவு மரத்தில் கால்வட்டம் நறுக்குங்கள்: 12 துண்டு வளையத்துக்கு 3 துண்டு, 24க்கு 6 துண்டு. ஒட்டாமல் சேர்த்துவைத்து மூலைமட்டத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். இரண்டு முனைகளும் மட்டத்தின் கைகளில் வெளிச்சம் புகாமல் படிந்தால் கோணம் சரி. வெளிச்சம் தெரிந்தால் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்து ஆப்புக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு முனையில் மட்டும் ஒரு துண்டுத் தாள் செருகி மறுபடி நறுக்குங்கள். பிறகு முழு வளையத்தையும் பசையில்லாமல் கூட்டி, குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளாம்பால் இறுக்கி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள்.

அப்படியும் சிறு சந்து மிஞ்சினால் வளையத்தை இரண்டு அரைவட்டங்களாக ஒட்டுங்கள். நடுவில் இரண்டு இணைப்புகளை மட்டும் பசையில்லாமல் விட்டு, காய்ந்தபின் ஒவ்வோர் அரைவட்டத்தின் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தட்டையான உப்புத்தாளில் தேய்த்து நேராக்கி ஒட்டினால் ஒன்றிரண்டு பாகைப் பிழை அதோடு கரைந்துபோகும். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் இப்படித்தான் ஒட்டுகிறார்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் இந்த வாரம் எதையும் வாங்கமாட்டேன். பேண்ட் சாவில் 12 துண்டு வளையம் ஒன்றை நறுக்கி, தேய்த்து, அரைவட்ட முறையில் ஒட்டுவேன். மூன்றாவது வளையத்தைத் தேய்க்கும்போதும் உற்சாகம் குறையவில்லை என்றால் டேபிள் சாவுக்குக் காசு சேர்க்கத் தொடங்குவேன். அதை வாங்கும் அன்று மேசைப் பள்ளத்தில் ஒரு உலோகப் பட்டையைப் போட்டு நகர்த்தி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பிளேடைக் கையால் சுழற்றி அச்சு ஆடுகிறதா என்று பாருங்கள். மோட்டாரின் திறனைக் கடைசியாகக் கேட்டால் போதும்.